நாளுக்கு ஒன்றா, வாரத்துக்கு ஒன்றா? சின்ன எண்ணெய் ஓவியச் சவால்கள்

எண்ணெய் ஓவியத்தில் கை தேற வேண்டுமா, சின்னதாக, அடிக்கடி தீட்டு என்பார்கள். எவ்வளவு அடிக்கடி? இரண்டு விதமாகவும் செய்து பார்த்துவிட்டேன். ஜனவரி முழுக்க நாளுக்கு ஒரு படம். அப்புறம் ஆறு மாதம் வாரத்துக்கு ஒரு பொருள். பலகை இரண்டுக்கும் ஒன்றுதான்: ஹார்ட்வேர் கடையில் 6 அங்குலச் சதுரமாக வெட்டி வாங்கி, ஜெஸ்ஸோ (வண்ணத்துக்கு அடியில் பூசும் வெள்ளைப் பூச்சு) பூசிய பிளைவுட். இடம், மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்து வீட்டின் பின்வாசல்.

நாளுக்கு ஒரு படம் என்பதைப் பரவலாக்கியவர் அமெரிக்க ஓவியர் டுவேன் கைசர். 2004 டிசம்பரில் தபால் அட்டை அளவில் தொடங்கினார். இதில் ஒரு பெரிய லாபம் உண்டு: வெற்றுப் பலகையைப் பார்த்தால் வரும் பயம் பத்தே நாளில் போய்விடுகிறது. தொடங்கியதை முடிக்கவும் பழகிவிடுகிறோம்.

ஆனால் நான் தோட்டத்தில் கிராணி (எழுத்தர்) வேலை பார்க்கிறவன். ஐந்து மணிக்கு வீடு வந்தால் ஏழேகாலுக்கு இருட்டு. எதை வரைவது என்று தேடவே அரை மணி போகும். டியூப்லைட்டுக்கு அடியில் கலந்த நிறம் காலையில் வேறு முகம் காட்டும். ஒரு நாள் வாழைப்பழம், மறுநாள் பெட்டாய் என்ற அவரை போன்ற காய், அதற்கு மறுநாள் தூக்குச்சட்டி. பொருள் மாறியது, தப்பு மாறவில்லை. நிழலிலும் வெள்ளையைக் கலந்து மாவு பூசினாற்போல ஆக்குகிற பழக்கம் முதல் படத்திலும் இருந்தது, முப்பத்தொன்றாவதிலும் இருந்தது.

காய வைப்பது தனிக் கூத்து. எண்ணெய் வண்ணம் துணிபோல ஈரம் வற்றிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. அம்பர் பழுப்பில் மாங்கனீஸ் இருப்பதால் அது சீக்கிரம் காயும். தடியாக அப்பிய டைட்டானியம் வெள்ளையோ நாள் கணக்கில் பிசுபிசுக்கும். மழைக்காலத்தில் அலமாரியில் அடுக்கிய என் படங்களில் இரண்டு ஒட்டிக்கொண்டு, பிரித்தபோது பப்பாளி பாதி போச்சு. தினமும் தீட்டுகிறவர்கள் வண்ணத்தைச் சீக்கிரம் காய வைக்கும் ஆல்கைட் மீடியம் சேர்த்தால் ஓரளவு தப்பலாம்.

வாரத்துக்கு ஒன்று என்றபோது எடுத்தது அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டிய காலத்து மங்கு, பால் பிடிக்கும் கிண்ணம். ஒரே மங்கை ஒரே வாரத்தில் மூன்று தடவை தீட்டினேன். திங்கட்கிழமை வெள்ளை மங்கு என்று முழுக்க வெள்ளையடித்தேன். "மாமா, இது முட்டையா?" என்றாள் அக்கா மகள். புதன்கிழமை கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். நிழல் பக்கத்தில் வெள்ளையே இல்லை. அல்ட்ராமரீன் நீலமும் பர்ன்ட் அம்பரும் கலந்த சாம்பல்தான், அடியில் வாழை இலையிலிருந்து ஏறிய பச்சை வேறு. சனிக்கிழமை சுத்த வெள்ளையை விளிம்பில் ஒரே ஒரு புள்ளி வைத்தேன். மங்கு உருண்டு எழுந்தது. ஜனவரியின் 31 படமும் சொல்லித் தராததை இந்த மூன்று படம் சொல்லிக் கொடுத்தது.

இதிலும் கோளாறு உண்டு. நாள் இருக்கிறதே என்று சனிக்கிழமைவரை தள்ளிப்போடத் தோன்றும். அல்லது தேய்த்துத் தேய்த்துத் தூரிகைத் தடத்தின் உயிரைப் போக்கிவிடுவோம். அதனால் ஒவ்வொரு தடவையும் புதுப் பலகை, ஒன்றரை மணிக்குமேல் தொடுவதில்லை என்று வைத்திருக்கிறேன்.

நேரில் பார்த்தா, படம் பிடித்தா என்ற கேள்விக்கு அதிக யோசனை வேண்டாம். ஸ்ட்ராடா என்ற ஈசல் (ஓவியத் தாங்கி) கம்பெனிக்காரர்களின் ஜனவரிச் சவாலில் நேரில் பார்த்துத்தான் வரைய வேண்டும். அது சரிதான். கைப்பேசிப் படத்தில் நிழல் பெரும்பாலும் ஒரே கறுப்பாகிவிடும், அந்த வாழை இலைப் பச்சை அதில் வராது.

தூரிகையை எடுக்கவே கை கூசுகிறவர்கள் ஒரு மாதம் தினமும் தீட்டட்டும். அதைத் தாண்டியவர்களுக்கு வாரச் சவால், அதுவும் ஒரே பொருளை மூன்று தடவை. எனக்கு அடுத்த வாரம் எவர்சில்வர் தூக்குச்சட்டி. ஜனவரியில் ஒரே மாலையில் அதை முடித்துவிட்டதாக நினைத்திருந்தேன்.