பர்மிங்காமில் படகைக் கட்டி நிறுத்த "அமைதியான கட்டுமிடம்" என்று 240 பவுண்டு பறிகொடுத்தோம், நீங்களும் மாட்டிக்கொள்ளாதீர்கள்

இன்று வியாழக்கிழமை. இன்னும் படகில்தான் இருக்கிறோம். நாளைக் காலையில் படகைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வீட்டுக்குப் போய் ஆற அமர எழுதலாமே என்றார் என் கணவர். ஆறிவிட்டால் எழுத மாட்டேன் என்று எனக்குத் தெரியும், அதனால் இப்போதே எழுதுகிறேன். இங்கிலாந்தில் கால்வாய்ப் படகு எடுத்து ஊர் சுற்ற நினைக்கும் நம் ஆட்கள் கட்டாயம் படியுங்கள். என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அப்பாவும் அம்மாவும் தஞ்சாவூரிலிருந்து வந்திருக்கிறார்கள். அப்பா பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் வெண்ணாற்றுக் கரையில் மதகு திறந்து மதகு மூடிய மனுஷர். அவருக்கு இந்த ஊர்க் கால்வாய்களைக் காட்ட வேண்டும் என்பது எனக்கு ரொம்ப நாள் ஆசை. போன வருஷம் அவருக்கு பைபாஸ் ஆனது. அதிலிருந்து ராத்திரித் தூக்கம் சரியில்லை. ஒரு சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவார், அப்புறம் விடியும்வரை தூங்க மாட்டார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஏமாற்றியவன் பிடித்துக்கொண்டது இதைத்தான்.

நாங்கள் எடுத்தது 58 அடி நீளமுள்ள நேரோபோட், உள்ளேயே படுத்துத் தங்கக்கூடிய ஒல்லியான கால்வாய்ப் படகு. அகலம் ஏழு அடிகூட இல்லை. பர்மிங்காமுக்குத் தெற்கே ஒரு படகுத்துறையில் போன வெள்ளிக்கிழமை ஏறினோம். அங்கிருந்து நகரத்துக்குள் போக ஒரு லாக்கூட (நீர்மட்டத்தை மாற்றிப் படகை ஏற்றி இறக்கும் மதகு) ஏறி இறங்க வேண்டியதில்லை, வயதானவர்களோடு போக வசதியான வழி. வெள்ளி ராத்திரி வழியில் தங்கிவிட்டு, சனி, ஞாயிறு இரண்டு ராத்திரி நகர மையத்தில் தங்குவதாகத் திட்டம். சனிக்கிழமை ராத்திரி, மதுக்கடைகள் நிறைந்த பிராட் ஸ்ட்ரீட் பக்கம் எவ்வளவு சத்தமாக இருக்கும் என்று பர்மிங்காமில் இருப்பவர்களுக்குத் தெரியும். அதனால்தான் முன்கூட்டியே ஒரு அமைதியான இடத்தைப் பிடித்து வைக்க நினைத்தேன்.

வீட்டு வாசல், கராஜ், கார் நிறுத்தும் இடம் இதையெல்லாம் நாள் கணக்கில் வாடகைக்கு விடும் இணையதளங்கள் இருக்கின்றன இல்லையா, அப்படி ஒன்றில்தான் பார்த்தேன். "நகர மையத்தில் கேட் போட்ட தனியார் கட்டுமிடம், இரவில் பூரண அமைதி." படத்தில் ஒரு செங்கல் சுவர், ஒரு விளக்குக் கம்பம், தரையில் பதித்த இரும்பு வளையம், அதில் கயிறு கட்டிய ஒரு பச்சைப் படகு. பெயருக்குப் பக்கத்தில் சரிபார்க்கப்பட்டவர் என்று பச்சை டிக். இரண்டு ராத்திரிக்கு 240 பவுண்டு. நம்மூர்க் கணக்கில் இருபத்தைந்தாயிரம் ரூபாய்க்கு மேல்.

பணம் கட்டுவதற்கு முன்னால் அப்பா கேட்டார், "ஆத்தங்கரையில படகு கட்டறதுக்கு யாரும்மா காசு கேக்கறா?" இந்த ஊரில் எல்லாவற்றுக்கும் காசுதான்பா என்று சொல்லி அவர் வாயை அடைத்துவிட்டேன். அவர் கேட்டது எவ்வளவு சரி என்று இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

அந்த ஆளிடம் போனில் பேசினேன். நல்ல நிதானமான குரல். அப்பாவின் ஆபரேஷன், தூக்கம் எல்லாவற்றையும் நானேதான் சொன்னேன். அவன் அவசரப்படாமல் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டான்: "உங்கள் அப்பாவின் படுக்கை படகில் எந்தப் பக்கம்?" நான் படகின் படத்தை எடுத்து வைத்துப் பார்த்து, இடது பக்க ஜன்னல் என்றேன். "அப்படியானால் அந்த ஜன்னல் சுவர்ப் பக்கம் வருகிற மாதிரி படகைக் கட்ட வைக்கிறேன். என் அம்மாவுக்கும் இதே பிரச்சினை" என்றான். அந்த இடத்தில்தான் நான் விழுந்தேன். ஒரு முன்பின் தெரியாத ஆள் என் அப்பாவின் தலைமாட்டைப் பற்றி யோசிக்கிறானே என்று எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. தளத்தில் 40 மட்டும் கட்டுங்கள், மீதி 200-ஐ நேராக வங்கிக் கணக்கில் போட்டால் கமிஷன் மிச்சம், கேட்டைத் திறக்கும் எண்ணை நீங்கள் வந்ததும் அனுப்புகிறேன் என்றான். மறுபேச்சில்லாமல் போட்டேன். ஆக 240 பவுண்டு.

சனிக்கிழமைக் காலைப் பயணம் அருமையாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன். வாஸ்ட் ஹில்ஸ் சுரங்கம் கிட்டத்தட்ட இரண்டரைக் கிலோமீட்டர். உள்ளே மேலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, எதிரே வரும் படகின் விளக்கு தூரத்தில் ஒரு புள்ளியாகத் தெரியும். அப்பா சுக்கான் கம்பைப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் வந்தார். பார்ன்வில் சாக்லேட் ஆலை தாண்டியது, பல்கலைக்கழக மணிக்கூண்டு தெரிந்தது, மதியம் ஒரு மணிக்கு மெயில்பாக்ஸ் வணிக வளாகத்துத் திருப்பத்தில் படகை வளைத்தோம். அவன் அனுப்பிய வரைபடப் புள்ளி அந்தத் திருப்பத்துக்கும் படகுகள் நிற்கும் காஸ் ஸ்ட்ரீட் பேசினுக்கும் நடுவில் இருந்தது.

விளக்குக் கம்பம் இருந்தது. செங்கல் சுவர் இருந்தது. இரும்பு வளையமும் இருந்தது. கேட் மட்டும் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் மதுக்கடை. இந்தப் பக்கம் சைக்கிளும் நாயும் குழந்தை வண்டியும் போகிற பொதுப்பாதை. பத்தடி தள்ளி ஒரு பலகை, அதில் வருகிற படகுகள் கட்டுமிடம் என்று கொட்டை எழுத்தில் எழுதி, எத்தனை நாள் தங்கலாம் என்றும் போட்டிருந்தது. பக்கத்துப் படகில் கரியும் சைக்கிளுமாகக் கூரை நிறைய அடுக்கி வைத்திருந்த ஒரு பெரியவர், நான் அந்த ஆளின் பெயரைச் சொன்னதும் தலையை ஆட்டினார். "இது கால்வாய் அறக்கட்டளையின் இடம்மா. படகுக்கு உரிமம் உள்ள யார் வேண்டுமானாலும் இலவசமாகக் கட்டலாம். இதை ஒருத்தர் இன்னொருத்தருக்கு விற்கவே முடியாது." 2012-இலிருந்து இந்தக் கால்வாய்களை நிர்வகிப்பது கேனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் என்ற அந்த அறக்கட்டளைதான். நாங்கள் படகுக்குக் கொடுத்த வாடகையிலேயே உரிமமும் அடக்கம். அதாவது எங்களுக்கு ஏற்கெனவே உரிமை இருந்த ஒரு இரும்பு வளையத்தை எங்களுக்கே 240 பவுண்டுக்கு விற்றிருக்கிறான்.

அப்போதே இடம் மாறியிருக்கலாம். மாறாமல் அவனுக்குச் செய்தி அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "நீங்கள் இருப்பது தவறான இடம். அங்கேயே இருங்கள், 5 மணிக்கு நானே வந்து கூட்டிப்போகிறேன்." ஐந்து மணிக்கு, "டிராஃபிக், 7 மணி." ஏழு மணிக்குப் போன் அணைந்துவிட்டது. காத்திருந்த அந்த ஆறு மணி நேரத்தில் நகரத்துக்குள் வந்த படகெல்லாம் கிடைத்த இடத்தில் கட்டிக்கொண்டுவிட்டன, சில இடங்களில் இரண்டு இரண்டாக. இருட்டிய பிறகு வாடகைப் படகை ஓட்டக் கூடாது என்பது எங்கள் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. கட்டிய படகில் இரவு 8 முதல் காலை 8 வரை இன்ஜினையும் ஓட்டக் கூடாது. ஆக, அங்கேயே மாட்டிக்கொண்டோம்.

அந்த ராத்திரியை என்னவென்று சொல்ல. நேரோபோட்டின் உடம்பு இரும்புத் தகடு. மதுக்கடையின் பாட்டுச் சத்தம் காதில் கேட்பதைவிடப் படுக்கைப் பலகையில் அதிகமாகத் தெரிந்தது. அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணு என்று ஆடிக்கொண்டே இருந்தன. அம்மா எழுந்து அவற்றின் நடுவே துண்டைத் திணித்தார். பன்னிரண்டு மணிக்குமேல் கூரையில் தடதடவென்று யாரோ ஓடினார்கள். இரண்டரை மணிக்குப் படகு மெல்ல அசைய ஆரம்பித்தது. முதலில் எனக்குப் புரியவில்லை. அப்பாதான், "கயித்த அவுத்துட்டாங்கம்மா" என்று எழுந்து உட்கார்ந்தார். முன்கயிற்றை யாரோ குடிகாரப் பசங்கள் அவிழ்த்துவிட்டிருந்தார்கள். 58 அடிப் படகு கால்வாய்க்குக் குறுக்கே திரும்பிக்கொண்டிருந்தது. என் கணவர் பின்பக்கத்திலிருந்து பாதையில் குதித்து, நடுக்கயிற்றைப் பிடித்து இழுத்து மறுபடி கட்டினார். உள்ளே அப்பா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்றார். அந்தக் கையைப் பார்த்த எனக்கு இப்போது எழுதும்போதும் உடம்பு பதறுகிறது.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு அந்தப் பெரியவர் வழி சொன்னார். பிராட் ஸ்ட்ரீட் பாலத்துக்கு அடியில் நுழைந்து, நடுவில் வட்டத் தீவு இருக்கும் ஓல்டு டர்ன் சந்திப்பில் இடப்பக்கம் திரும்பி, ஷீப்கோட் ஸ்ட்ரீட் பாலத்தின் பக்கம் கட்டினோம். பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. அதுவும் இலவச இடம்தான். பக்கத்து அரீனா என்ற நிகழ்ச்சி அரங்கில் அன்று நிகழ்ச்சி எதுவும் இல்லை, ராத்திரி வாத்துச் சத்தம் மட்டும்தான். அப்பா ஆறு மணி நேரம் தூங்கினார். சும்மா கிடைத்த தூக்கம். சனிக்கிழமை மதியமே அங்கே போயிருக்க வேண்டியவர்கள் நாங்கள்.

இனி பணத்தின் கதை. அந்த இணையதளத்துக்குத் தொலைபேசி எண்ணே கிடையாது, அரட்டைப் பெட்டிதான். ஞாயிற்றுக்கிழமை முழுக்க இயந்திரம் பதில் சொன்னது. திங்கட்கிழமை ஒரு மனுஷர் வந்தார். கேட் இல்லை என்பதற்கு ஆதாரமாக எங்கள் படகு, வளையம், பலகை எல்லாம் தெரிகிற மாதிரி நான்கு படம் அனுப்பினேன். அவர் எழுதிய பதிலை அப்படியே தமிழில் தருகிறேன்: "படத்தின்படி உங்கள் படகு குறிப்பிட்ட இடத்தில் நிறுத்தப்பட்டுள்ளது. எனவே சேவை வழங்கப்பட்டுவிட்டது." நான் கொடுத்த ஆதாரத்தையே எனக்கு எதிராகத் திருப்பினார்கள். மீதி 200 பற்றிக் கேட்டால், தளத்துக்கு வெளியே கட்டியதற்கு நாங்கள் பொறுப்பில்லை. அந்தப் பச்சை டிக் எதைச் சரிபார்த்தது என்று கேட்டேன். மின்னஞ்சல் முகவரியையாம். செவ்வாய்க்கிழமை அரட்டையை மூடிவிட்டார்கள், மறுபடி திறந்தால் அதே வரி.

வங்கிக்குப் போன் போட்டு, ஆள் எடுக்கும்வரை நாற்பது நிமிஷம் பாட்டுக் கேட்டேன். கடைசியில் எடுத்த பெண், இது மோசடி அல்ல, வாங்கியவருக்கும் விற்றவருக்கும் நடுவில் உள்ள தகராறு என்றாள். தனக்குச் சொந்தமில்லாத பொது இடத்தை விற்பது மோசடி இல்லாமல் வேறென்ன? இப்படி ஏமாற்றிப் பணம் அனுப்ப வைத்தால் வங்கி திருப்பித் தர வேண்டும் என்று 2024 அக்டோபர் 7 முதல் இங்கே விதி இருக்கிறது. அதைச் சொன்ன பிறகுதான் புகாராகவே பதிந்தாள். அதிலும் 100 பவுண்டு வரை வங்கி கழித்துக்கொள்ளலாம். முழுதாக ஜெயித்தாலும் 200-இல் பாதிதான் கைக்கு வரலாம். 240 போனது போனதுதான் என்று மனசைத் தேற்றிக்கொள்ளச் சொல்கிறார் கணவர். என்னால் முடியவில்லை.

சரி, சொல்கிறேன் என்று சொன்னவை. கால்வாயோரப் பொதுக் கட்டுமிடத்துக்கு யார் காசு கேட்டாலும் கொடுக்காதீர்கள். முன்பதிவு வேண்டிய இடங்கள் சில ஊர்களில் உண்டு, லண்டன் லிட்டில் வெனிஸ் பக்கம், லிவர்பூல் துறைக்குள் போவது மாதிரி, ஆனால் அதையெல்லாம் அறக்கட்டளையிடமே நேரடியாகப் பதிவு செய்ய வேண்டும். நிஜமான தனியார் படகுத்துறை என்றால் அலுவலக எண்ணைக் கூப்பிட்டுப் பேசிவிட்டுக் கட்டுங்கள், அதுவும் கார்டில். நல்ல இடம் எது என்று படகு கொடுப்பவரிடம் ஏறும்போதே கேளுங்கள், நான் கேட்கவில்லை. மதியத்துக்குள் போய்விடுங்கள். இடம் சரியில்லை என்று தோன்றினால் யார் பேச்சையும் நம்பிக் காத்திருக்காமல் வெளிச்சம் இருக்கும்போதே நகருங்கள். இன்னும் நிறைய எழுத நினைத்தேன், கை ஓடவில்லை.

ஒன்று மட்டும் அவசரம். இன்று காலையில் பார்த்தேன், அந்த விளம்பரம் இன்னும் அப்படியே இருக்கிறது. அதே சுவர், அதே விளக்குக் கம்பம், அதே பச்சைப் படகு. வருகிற சனிக்கிழமைக்கு "பதிவாகிவிட்டது" என்று காட்டுகிறது. யாரோ பணம் கட்டிவிட்டார்கள். உங்களுக்குத் தெரிந்த யாராவது நாளை மறுநாள் பர்மிங்காமுக்குப் படகில் வருகிறார்கள் என்றால், கேட்டின் எண்ணுக்குக் காத்திருக்க வேண்டாம், நேராக ஷீப்கோட் ஸ்ட்ரீட் பக்கம் போய்க் கட்டச் சொல்லுங்கள்.