டீ ட்ரீ ஆயில் வாங்கி ஏமாந்தேன், நீங்களாவது பார்த்து வாங்குங்கள்

கணுக்காலில் சின்னச் சிராய்ப்பு. ‘நூறு சதவீதம் தூய்மை, எல்லாக் கிருமியையும் கொல்லும், ஆன்டிஆக்ஸிடன்ட் நிறைந்தது, அப்படியே தடவலாம்’ என்று விளம்பரம் செய்த ஓர் ஆன்லைன் விற்பனையாளரிடம் டீ ட்ரீ ஆயில் (தேயிலை எண்ணெய் இல்லை, மெலலூகா என்ற ஆஸ்திரேலியத் தாவரத்தின் இலையிலிருந்து எடுப்பது) வாங்கி நாலு நாள் தடவினேன். ஐந்தாம் நாள் அந்த இடமே சிவந்து தடித்து, நீர்க்கொப்புளம் கிளம்பிவிட்டது. இது தொற்று இல்லை, எண்ணெயால் வந்த ஒவ்வாமை என்றார் தோல் மருத்துவர்.

அந்த இலைக்குச் சக்தி இல்லை என்று சொல்லவில்லை. இருக்கிறது. அதன் எண்ணெயிலுள்ள டெர்பினென்-4-ஆல் என்ற வேதிப்பொருள் பாக்டீரியாவின் செல் சவ்வைக் குலைத்து, உள்ளிருப்பதைக் கசிய வைக்கும். ஆனால் எல்லாக் கிருமியும் அதற்கு அடங்காது. சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா நன்றாகவே தாக்குப்பிடிக்கும். ஆய்வகத் தட்டில் கிருமி செத்தால் நம் புண்ணும் ஆறிவிடும் என்றும் அர்த்தமில்லை.

ஆன்டிஆக்ஸிடன்ட், அதாவது ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள், என்று சொல்லி விற்றதுதான் எனக்கு மனசு ஆறவே இல்லை. காற்றும் வெளிச்சமும் பட்டால் இந்த எண்ணெயே ஆக்சிஜனேற்றம் அடைந்து கெட்டுப்போகும். அப்போது உண்டாகும் அஸ்காரிடோல் போன்றவை தோலில் ஒவ்வாமையைக் கிளப்பக்கூடியவை. எனக்கு வந்ததோ நிறமில்லாத கண்ணாடி பாட்டில். அடர்நிற பாட்டில்கூட இல்லை!

அப்புறம்தான் லேபிளைத் திருப்பிப் பார்த்தேன். மெலலூகா ஆல்டர்னிஃபோலியா என்ற தாவரப் பெயர் இல்லை, பேட்ச் எண் இல்லை, தேதியும் இல்லை. எண்ணெயில் என்னென்ன பொருள் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் ஆய்வக அறிக்கையை (ஜிசி-எம்எஸ்) கேட்டேன். வந்த அறிக்கையில் யூகலிப்டஸ் எண்ணெயில் அதிகம் இருக்கும் சினியோல் என்ற பொருள் 60 சதவீதத்துக்கு மேல்! டீ ட்ரீ ஆயிலுக்கான ஐஎஸ்ஓ 4730 என்ற சர்வதேசத் தரப்படி சினியோல் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, டெர்பினென்-4-ஆல் குறைந்தது 35 சதவீதம் இருக்க வேண்டும். யூகலிப்டஸ் எண்ணெயின் அறிக்கையை அனுப்பிவிட்டார்கள் போலிருக்கிறது. அதைக் கேட்டதும் என்னை பிளாக் செய்துவிட்டார்கள்.

வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். சுத்தமான எண்ணெய் என்றால் ஆவியாகிவிடும், ஆனால் மறுநாளும் எண்ணெய்க் கறை போகவில்லை. சமையல் எண்ணெய் போல ஏதோ கலந்திருக்கிறது. கறை படியாவிட்டால் சுத்தம் என்றும் நம்பிவிடாதீர்கள், டர்பன்டைன் கலந்தாலும் ஆவியாகிப் போய்விடும்.

சுத்தமானதே கிடைத்தாலும் வேறு எண்ணெயில் கலந்து வீரியத்தைக் குறைக்காமல் தோலில் தடவாதீர்கள், திறந்து நாளான பாட்டிலைத் தொடாதீர்கள். குடிக்கச் சொல்பவர்களை நம்பவே வேண்டாம். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். பாட்டிலில் இருப்பது யூகலிப்டஸ் எண்ணெயாக இருந்தால், சில மில்லிலிட்டர் உள்ளே போனாலே வலிப்பு வரலாம்.

கால் ஆற மூன்று வாரம் ஆனது. பாட்டிலையும் அந்த அறிக்கையையும் புகாரோடு கொடுக்க எடுத்து வைத்திருக்கிறேன்.