சில்வராடோவின் ஃபோர் வீல் டிரைவ் கோளாறு: சென்சாரை மட்டும் மாற்றுவதா, முழு மோட்டாரையா?

1999 முதல் 2006 வரை வெளிவந்த செவ்ரலே சில்வராடோ பிக்கப் வண்டியில் ஃபோர் வீல் டிரைவ் பட்டனை அழுத்தியதும், எஞ்சின் விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸை மாற்றிவிடுவது என்கோடர் மோட்டார். அதனுள் இருக்கும் சிறிய சென்சார், மோட்டார் திருப்பும் தண்டு எந்த நிலையில் நிற்கிறது என்பதைக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குத் தெரிவிக்கிறது. அந்தச் செய்தி குழம்பினால், மோட்டார் நல்ல நிலையில் இருந்தாலும் பெட்டி அதை இயக்க மறுத்துவிடும்.

சென்சாரை மட்டும் மாற்றுவது மலிவானது. ஆனால் மோட்டாரைக் கழற்றிப் பிரிக்கும் பொறுமை வேண்டும், சாலையில் உப்புத் தூவும் வட அமெரிக்க மாநிலங்களில் ஓடிய வண்டியில் துருப்பிடித்த திருகுகள் பாதி நாளை விழுங்கிவிடும். முழு மோட்டாரை மாற்றுவதற்குச் செலவு கூடுதல், வேலையோ எளிது; புதியதைப் பொருத்தும்போது அது தண்டின் நிலையோடு ஒத்திருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

எதை வாங்குவது என்பதை ஒரு சோதனையே தீர்மானிக்கும். கழற்றிய மோட்டாரின் இரண்டு தடித்த கம்பிகளுக்கு 12 வோல்ட் கொடுத்தால் அது சுழல வேண்டும். சுழலாவிட்டால் சென்சாருக்குச் செலவழிப்பது வீண். சுழன்றால், என் கணிப்பில், முதல் சந்தேகம் சென்சார்மீதே விழ வேண்டும்.

பட்டன் விளக்குகள் எதுவுமே எரியாவிட்டால் இரண்டையும் வாங்காமல், முதலில் ஃபியூஸையும் எர்த் வயரையும் பாருங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலுக்குப் போய்விட்டால் கியர் பார்க்கில் இருந்தும் வண்டி உருளும் என்பதால், அடியில் படுக்குமுன் சக்கரங்களுக்குக் கட்டை வைப்பது அவசியம்.