யார்க்கில் பார்த்த பூட்டும் பார்சலில் வந்த பூட்டும்

முப்பது வருடம் ஹார்டுவேர் கடை நடத்தியவன் நான். புதுப் பூட்டு கைக்கு வந்தால் முதலில் கொண்டியை இழுத்து ஆட்டிப் பார்க்கிற பழக்கம் இன்னும் போகவில்லை.

போன வருடம் இங்கிலாந்தில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, யார்க் நகரத்தில் இருக்கும் யோர்விக் வைக்கிங் மையத்துக்குக் கூட்டிப்போனாள். காப்பர்கேட் தெருவில் 1976 முதல் 1981 வரை அகழாய்வு நடந்த இடத்திலேயே 1984இல் திறந்த காட்சியகம் அது. ஆயிரம் வருடத்துக்கு முன் அங்கே குடியேறிய வட ஐரோப்பியக் கடலோடிகள்தான் வைக்கிங்குகள். காற்றுப் புகாத ஈர மண் என்பதால் மரம், தோல், துணிகூட ஆயிரம் வருடம் மக்காமல் கிடந்திருக்கின்றன. பேரன் அங்கே கண்ணாடிக்குள் வைத்திருந்த வைக்கிங் காலத்து மலத்துண்டை விட்டு நகரவில்லை. நான் இரும்புப் பூட்டை விட்டு நகரவில்லை.

அந்த மோகத்தில், பழங்காலப் பொருள்களுக்கு நகல் செய்து விற்கும் ஒரு பட்டறையில் அதே மாதிரி பூட்டு ஒன்றுக்கு ஆன்லைனில் ஆர்டர் போட்டேன். 45 பவுண்டு. விலையைப் பேரனிடம் மட்டும்தான் சொன்னேன்.

இந்தப் பூட்டுக்கு லீவரும் (நம் பூட்டுகளுக்குள் சாவி தூக்கிவிடும் தகடு) கிடையாது, சாவியைத் திருகுவதும் கிடையாது. உடல் ஒரு குழாய். கொண்டி தனித் துண்டு. அதன் ஒரு காலில் மெல்லிய தகட்டு வில்கள் (ஸ்பிரிங்), நுனியில் ஒட்டி, பின்பக்கம் விரிந்திருக்கும். குழாயின் வாய்க்குள் தள்ளினால் வில்கள் ஒடுங்கி உள்ளே போய், அங்கே விரிந்து மாட்டிக்கொள்ளும். ஜன்னல் கம்பிக்கு வெளியே நீட்டி விரித்த குடையை அப்படியே உள்ளே இழுக்க முடியுமா? அதே கதைதான். திறப்பதற்கு மறுமுனையில் சாவியை நுழைக்க வேண்டும். சாவி நுனியில் செங்குத்தாக ஒரு சின்னத் தகடு, அதில் ஓட்டை. அந்த ஓட்டை வில்களின் மேல் சறுக்கிக்கொண்டு போய் அவற்றை ஒடுக்கும். கொண்டி கழன்று கையோடு வந்துவிடும். மண்ணில் கிடைக்கும் அசல் பூட்டுகள் பெரும்பாலும் துருக்கட்டியாக இருப்பதால், இந்த வில்களையெல்லாம் எக்ஸ்ரே எடுத்துத்தான் பார்க்கிறார்கள்.

சரி, நகலுக்கு வருவோம். அளவும் கனமும் நன்றாக இருக்கின்றன. சாவியின் ஓட்டையை அரத்தால் பொறுமையாக ராவியிருக்கிறார்கள், பிசிறில்லை. ஆனால் மூட்டெல்லாம் சாதாரண வெல்டிங், மேலே பித்தளை நிறத்தில் ஸ்பிரே. அந்தக் காலத்துக் கொல்லன் இரும்புத் தகடுகளைச் சேர்த்து, பித்தளைத் துணுக்கு வைத்து, களிமண் பூசி உலையில் போட்டான். பித்தளை உருகி இடுக்கில் ஓடிப் பிடித்துக்கொண்டது; மேலே படிந்த படலம் துருவையும் தடுத்தது. நம்முடைய ஸ்பிரே மூன்றாம் மாதமே உரிந்துவிட்டது.

அதைக்கூட மன்னிக்கலாம். வில்லை மன்னிக்க முடியாது. இந்தப் பூட்டுக்கு உயிரே வில்தான், அதைப் போய் வளைந்தால் வளைந்தபடியே நிற்கும் மைல்டு ஸ்டீலில் செய்திருக்கிறார்கள்! ஐம்பது தடவை பூட்டித் திறந்ததும் துவண்டுபோனது. அப்புறம் சாவியே தேவைப்படவில்லை, இழுத்தால் வந்தது. மெயில் போட்டேன், அலங்காரத்துக்கு மட்டும் என்று பதில் வந்தது. விற்கும்போது அதைச் சொல்லவில்லை.

மேசைமேல் வைக்க என்றால் வாங்கலாம். ஐந்துக்கு மூன்று தருவேன், அதில் ஒன்று சாவிக்கு. பூட்டுவதற்கென்றால் என்னைப்போல் மெனக்கெட வேண்டும். பழைய ஆக்ஸா பிளேடில் இரண்டு கீற்று வெட்டி, நுனியை மட்டும் பழுக்கச் சுட்டு ஆறவைத்து, துளை போட்டு ரிவெட் அடித்தேன். இரண்டு மாலை போனது. இப்போது கடைக் கணக்கு நோட்டுகள் இருக்கிற டிரங்குப் பெட்டியில் தொங்குகிறது. எத்தனை முறை காட்டினாலும் வீட்டுக்காரி சாவியைப் போட்டுத் திருகித்தான் பார்க்கிறாள்.