அன்றாடத்தில் இறைப்பிரசன்னம்: புதுச்சேரியில் ஒரு நாள் தியானம்

புதுச்சேரியில் அருட்சகோதரிகள் தங்கள் தியான இல்லத்தில் துறவியரோ குருக்களோ அல்லாத பொதுநிலையினருக்கென நடத்தும் ஒரு நாள் தியானத்தில் தவக்காலத்தில் கலந்துகொண்டேன். சமையலறை, அலுவலகம், பிள்ளைகளின் படிப்பு என்று ஓடும் நாளில் கடவுளின் உடனிருப்பை எவ்வாறு கண்டுகொள்வது என்பதே தியானத்தின் பொருள். உரத்த பாடல்களையும் குணமளிக்கும் வழிபாட்டையும் எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு இது ஏற்றதன்று. காலையில் கைப்பேசிகளை வாங்கி வைத்த பிறகு நண்பகல்வரை பெரும்பாலும் மௌனம்தான்.

முற்பகல் முழுவதும், இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் 16ஆம் நூற்றாண்டில் வகுத்துத் தந்த ஆன்ம ஆய்வுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. நன்றி கூறுதல், தூய ஆவியாரின் ஒளியை வேண்டுதல், கடந்த நாளைத் திரும்பிப் பார்த்தல், மன்னிப்புக் கேட்டல், மறுநாளுக்குத் தீர்மானித்தல் என ஐந்து படிகள் கொண்ட இந்தச் செபத்தை, குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்துக்கு முன் குற்றங்களைக் கணக்கெடுக்கும் பயிற்சியாகவே நம்மில் பலர் மறைக்கல்வி வகுப்பில் கற்றிருப்போம். வழிநடத்திய சகோதரியோ முதல் படியிலேயே எங்களை நெடுநேரம் நிறுத்தி, முந்தைய நாளை விழித்தெழுந்ததிலிருந்து வரிசையாக எழுதச் சொன்னார். கூட்ட நெரிசலில் முன்பின் அறியாத பெண்ணொருவர் என் மகளைத் தம் மடியில் அமர்த்திக்கொண்டது அப்படி எழுதும்போதுதான் நினைவுக்கு வந்தது.

அன்றைய நாளின் சிறந்த பகுதி, விவிலியத்தின் பழைய ஏற்பாட்டு இறைவாக்கினர் எலியாவைப் பற்றிய சிந்தனை. காற்றிலும் நிலநடுக்கத்திலும் தீயிலும் இல்லாத ஆண்டவர் மெல்லிய ஒலியில் வந்தார் என்று பல மறையுரைகளில் கேட்டிருக்கிறோம். சகோதரி அந்த அதிகாரத்தைத் தொடக்கத்திலிருந்தே வாசித்தார். அரசி ஈசபேலுக்கு அஞ்சி ஓடி, சாக வேண்டும் என்று மன்றாடிப் படுத்துவிட்ட இறைவாக்கினருக்கு முதலில் கிடைத்தவை சுட்ட அப்பமும் தண்ணீரும்; மெல்லிய ஒலி கேட்ட ஓரேபு மலை அதற்கு நாற்பது நாள் நடைக்கு அப்பால்தான் வருகிறது. பிறகு, கடலூரிலிருந்து வந்திருந்தவர்களிடம், 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் அடித்து ஓய்ந்தபின் தங்களுக்கு உணவளித்தவர் யார் என்று கேட்டார். பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்த ஊரைச் சேர்ந்த பெரியவர் ஒருவர், கூரையை இழந்த பக்கத்து வீட்டார் காய்ச்சிக் கொடுத்த கஞ்சியைச் சொல்லி, அதை இதுவரை சாமியோடு சேர்த்து நினைத்ததில்லை என்றார். புயல் ஏன் வந்தது என்பதற்குச் சகோதரி எந்த விளக்கமும் தர முற்படவில்லை. அந்த நேர்மைக்காகவே இந்தத் தியானத்தை மற்றவர்களுக்கும் பரிந்துரைப்பேன்.

பிற்பகல் உரை அந்த அளவுக்கு அமையவில்லை. 17ஆம் நூற்றாண்டில் பாரிஸில் கார்மேல் துறவற சபை மடத்துச் சமையலறையில் உழைத்தபடியே இறைப்பிரசன்னத்தில் நிலைத்த சகோதரர் லாரன்ஸை எடுத்துக்காட்டியது பொருத்தமே. ஆயினும், சமையல் வேலையில் அவருக்கு இயல்பாகவே வெறுப்பு இருந்ததைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். நாள் தவறாமல் அடுப்படியில் நிற்கும் பெண்கள் நிறைந்திருந்த அவையில் முதலில் சொல்ல வேண்டியது அதுதான். ஆண்களும் அந்த வேலையில் கைகொடுக்க வேண்டும் என்று ஒரு வார்த்தையாவது சேர்த்திருக்கலாம்.

கட்டணம் இல்லை, விரும்பிய காணிக்கையை உறையில் இடலாம். மதிய உணவு எளிமையானது, போதுமானது. குழுப் பகிர்வு நீண்டு மாலைத் திருப்பலி தாமதமானதால், கடலூர்ப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய முதியவர்கள் நற்கருணை பெற்ற உடனே கிளம்ப நேர்ந்தது. திருப்பலியை ஒரு மணி நேரம் முன்னதாக வைக்கும்படி அலுவலகத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.