ஐந்து வார லீவும் எட்டு மில்லிமீட்டர் ஓட்டையும்

இந்த முறை தமிழ்நாட்டில் என் ஊருக்குப் போனது ஒரு கல்யாணத்துக்காக. ஐந்து வார லீவு. மண்டபத்தில் நான் உட்கார்ந்திருந்தது அரை நாள்கூட இருக்காது. மற்ற நாட்களில் பெரும்பகுதி ஆஸ்பத்திரி பெஞ்சுகளில் கழிந்தது. டொராண்டோ திரும்பியதும் "ஊரில் வைத்திய வசதியெல்லாம் இப்போது எப்படி?" என்று தோழிகள் கேட்டார்கள். நல்லது என்றும் சொல்ல வரவில்லை, மோசம் என்றும் சொல்ல வரவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சித்தி மகளுக்கு ஏழு மாதப் பெண் குழந்தை. வீடியோ அழைப்பில் பார்க்கும்போது பாப்பா ஒல்லி என்று தோன்றும், அவ்வளவுதான். நேரில் தூக்கியபோது கையில் எடையே இல்லை. பிறக்கும்போது 2.8 கிலோ இருந்தவள் ஏழாவது மாதத்தில் 4.9 கிலோ. பால் குடிக்க ஆரம்பித்து இரண்டு நிமிடத்தில் நெற்றியெல்லாம் வியர்க்கும், மூச்சு வாங்கும், விட்டுவிடுவாள். சற்றுத் தூங்கி எழுந்து மறுபடி பசிக்கு அழுவாள். தங்கைக்கு இது முதல் குழந்தை. எல்லாப் பிள்ளைகளும் இப்படித்தான் குடிக்கும் என்று நினைத்திருக்கிறாள்.

ஒருவர் மட்டும் அப்படி நினைக்கவில்லை. கிராம சுகாதார செவிலியர். பதினான்காவது வாரத் தடுப்பூசியின்போதே எடையைப் பார்த்துவிட்டு, சட்டையைத் தூக்கி ஒரு நிமிடம் மூச்சை எண்ணியிருக்கிறார். "நெஞ்சு உள்ள இழுக்குதும்மா, பெரிய டாக்டர்கிட்ட காட்டு" என்று சொல்லியும் இருக்கிறார். இவர்களும் காட்டினார்கள், பக்கத்து டவுனில் ஒரு தனியார் கிளினிக்கில். சளி என்று மருந்து. அடுத்த மாதம் மறுபடியும் சளி, மருந்துப் புகை வைத்தார்கள். மூன்றாம் முறை ஸ்டெத் வைத்துக் கேட்டவர், "லேசா ஒரு சத்தம் இருக்கு, வளர வளர சரியாயிடும்" என்று அனுப்பிவிட்டார். அந்தச் சத்தம் இதயத்தில் உள்ள ஓட்டையால் வரலாம். தானாக மூடிக்கொள்ளும் சின்ன ஓட்டைகள் உண்டு, நிறையவே உண்டு. ஆகவே அவர் சொன்னது பொய் என்று சொல்ல மாட்டேன். ஓட்டை எவ்வளவு பெரியது என்று பார்க்க அனுப்பாமலே சொன்னதுதான் எனக்கு ஆறவில்லை.

நான் போய்ச் சேர்வதற்குப் பத்து நாள் முன்னால் அங்கன்வாடிக்கு நடமாடும் மருத்துவக் குழு வந்திருக்கிறது. ஆர்பிஎஸ்கே வண்டி என்கிறார்கள், ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்திய காரியக்ரம் என்ற குழந்தைகள் நலத் திட்டத்தின் சுருக்கம். 2013இல் நாடு முழுக்கத் தொடங்கிய திட்டம். பிறந்த குழந்தையிலிருந்து 18 வயது வரை பரிசோதிக்கிறார்கள். அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறை, அரசுப் பள்ளிக்கு ஒரு முறை வண்டி வரும். அந்த டாக்டரம்மா ஸ்டெத்தை வைத்த உடனே சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்: மாவட்ட மையத்துக்குப் போய் எக்கோ, அதாவது இதய ஸ்கேன், எடுக்க வேண்டும். நான் போனபோது அந்தச் சீட்டு அலமாரியில், புடவைக்கு அடியில் இருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. "பணம் நான் தர்றேன், பெரிய ஆஸ்பத்திரிக்கே போவோம்" என்று கத்தினேன். தங்கை கணவர் சென்ட்ரிங் வேலை செய்பவர். நிதானமாகச் சொன்னார்: "பணத்துக்கு இல்ல மதினி. ஒரு நாள் போனா 900 ரூபா போகும், அது பரவாயில்ல. ரெண்டு நாள் வரலைன்னா மேஸ்திரி வேற ஆளப் போட்டுருவாரு. இவ ஒத்தையில பிள்ளையத் தூக்கிக்கிட்டு ரெண்டு பஸ் மாறிப் போயி, அங்க யாரைப் பாக்கன்னு முழிப்பா. கல்யாணம் முடியட்டும்னு இருந்தோம்." எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. என்னிடம் டாலர் இருந்தது, லீவும் இருந்தது. இந்த இரண்டில் எது அவர்களுக்கு வேண்டியிருந்தது என்பது அப்போதே புரிந்திருந்தால் கத்தியிருக்க மாட்டேன்.

மாவட்ட மையம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி வளாகத்துக்குள் இருக்கிறது. குழந்தைகளுக்கு எக்கோ எடுப்பது வியாழக்கிழமை மட்டும். காலை ஏழு மணிக்கே போய்விட்டோம். குழந்தை அசையாமல் படுத்தால்தான் எக்கோவில் எல்லாம் தெரியும். அதற்குத் தூக்க மருந்து கொடுப்பார்கள், அதற்கு முன் வயிறு காலியாக இருக்க வேண்டும். பசியில் அழுகிற குழந்தையை வைத்துக்கொண்டு வரிசையில் நிற்பது எப்படி என்று பெற்றவர்களுக்குத்தான் தெரியும். மருந்து வேலை செய்து அவள் தூங்கியபோது எங்களுக்கு முன்னால் நான்கு பேர். முறை வந்தபோது விழித்துக்கொண்டாள். அடுத்த வியாழன் வரச் சொன்னார்கள். என்னுடைய ஐந்து வாரத்தில் ஒரு வாரம் அப்படியே போனது. நான் இல்லாவிட்டால் இவர்கள் அடுத்த வியாழன் வந்திருப்பார்களா என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன்.

இரண்டாவது வியாழன் எல்லாம் நடந்தது. அங்கே இருந்த இளம் மருத்துவர் ஓபி சீட்டின் பின்பக்கத்தில் நாலு அறை உள்ள இதயத்தை வரைந்து, கீழ் இரண்டு அறைகளுக்கு நடுவில் உள்ள சுவரில் பேனாவால் ஒரு துளை போட்டார். "8 மில்லிமீட்டர். இவ்வளவு சின்ன இதயத்துல இது வாசல் மாதிரி." இடது பக்க ரத்தம் அந்த வழியாக வலது பக்கம் பாய்ந்து நுரையீரலை நிரப்புகிறது. அதனால்தான் மூச்சிரைப்பு, அதனால்தான் அடிக்கடி சளி. சாப்பிட்டதெல்லாம் மூச்சு விடவே செலவாகிறது, பிறகு எடை எப்படி ஏறும்?

இங்கே என் பெருமை ஒன்று உடைந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். 2019இல் டொராண்டோவில் என் மகன் பிறந்தபோது, வீட்டுக்கு அனுப்பும் முன் வலது கையிலும் ஒரு காலிலும் ஆக்சிமீட்டர் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்த்தார்கள். "பிறந்த ஆஸ்பத்திரியில் அதைச் செய்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்குமே" என்று அந்த டாக்டரிடம் சற்று உரக்கவே கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. அந்தச் சோதனை உடம்பு நீலம் பாய்கிற வகைக் குறைகளைத்தான் பிடிக்கும் என்றார். பெரிய ரத்தக் குழாய்கள் இடம் மாறிப் பிறக்கும் குழந்தைகள் இருக்கிறார்கள், அவர்களுக்கு அது உயிர் காக்கும் சோதனை. முதல் சில வாரங்களுக்குள் ஆபரேஷன் ஆக வேண்டிய பிள்ளைகள் அவர்கள். இவளுக்கு இருப்பது அந்த வகை இல்லை. பிறந்த புதிதில் நுரையீரலில் அழுத்தம் அதிகமாக இருப்பதால் ஓட்டை வழியே ரத்தம் அவ்வளவாகப் பாயாது. சத்தம்கூடக் கேட்காமல் போகலாம். ஒன்றிரண்டு மாதத்தில் அந்த அழுத்தம் இறங்கும்போதுதான் எல்லாம் ஆரம்பிக்கும். "அங்க பிரசவம் பார்த்தவங்க தப்பு இல்லம்மா. கனடாவுல பிறந்திருந்தாலும் அன்னைக்குத் தெரிஞ்சிருக்காது. தெரியவேண்டிய நேரம் நாலாவது மாசம்." நாலாவது மாதத்தில் தெரிந்திருந்தது ஒருவருக்குத்தான், கையில் தராசோடு வந்த அந்த செவிலியருக்கு.

ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் எட்டு ஒன்பது பேருக்கு இதயத்தில் ஏதாவது குறை இருக்கும் என்பது உலகம் முழுக்க உள்ள கணக்கு. இந்தியாவில் ஆண்டுக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் என்று மதிப்பிடுகிறார்கள், அதில் ஐந்தில் ஒரு பங்கு முதல் வயதுக்குள்ளேயே கவனிக்கப்பட வேண்டியவர்கள். டாக்டர் இதைச் சொன்னபோது வெளியே வரிசையில் இன்னும் பதினைந்து பேர் இருந்தார்கள்.

அப்புறம் காகிதங்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். 2009இல் வேறு பெயரில் வந்தது, 2012இல் இந்தப் பெயர். தங்கை வீட்டில் காப்பீட்டு அட்டை எடுக்கவே இல்லை. வருமானச் சான்றுக்கு இ-சேவையில் பதிய வேண்டும், கிராம நிர்வாக அலுவலர் பார்க்க வேண்டும், அதற்கு மேல் இரண்டு கையெழுத்து. அவற்றில் ஒரு கையெழுத்துக்கு மட்டும் நான்கு நாள். நானும் தங்கையும் தினமும் போய் நின்றோம். நின்றதால் வந்ததா, தானாகவே வந்திருக்குமா தெரியாது. கலெக்டர் ஆபீஸில் அட்டை எடுத்தது மட்டும் அரை மணி நேர வேலை. முகாம்களில் இருக்கும் இலங்கைத் தமிழர்களுக்கு இந்தத் திட்டத்தில் வருமான வரம்பே கிடையாது என்பதை அந்த வரிசையில் நின்றபோதுதான் தெரிந்துகொண்டேன். டொராண்டோவில் யாரும் எனக்குச் சொன்னதில்லை.

இதற்கு நடுவில், பொறுமை இழந்து ஒரு தனியார் மருத்துவமனைக்கு போன் செய்து கேட்டேன். மூன்றரை லட்சம் ஆகும் என்றார்கள். கொடுத்திருப்பேன். மையத்து டாக்டர்தான் தடுத்தார்: "அதே ஆபரேஷனை அட்டையில பண்ணலாம். அந்தக் காசை மத்த செலவுக்கு வச்சுக்குங்க." மற்ற செலவு என்ன என்று சென்னை போன பிறகு தெரிந்தது.

திட்டத்தில் இணைந்த ஒரு மருத்துவமனையில் இடம் கிடைத்தது. ஆபரேஷனுக்கும் மருந்துக்கும் எங்களிடம் ஒரு ரூபாய் வாங்கவில்லை. ஆனால் வார்டில் அம்மா மட்டும்தான் இருக்கலாம். வெளியே இன்னொரு ஆள் வேண்டும், அவருக்கு ஒரு அறை வேண்டும், தினம் 600 ரூபாய். போன மறுநாளே குழந்தைக்கு சளி, காய்ச்சல். நெஞ்சில் சளியோடு மயக்கம் கொடுக்க மாட்டார்கள், தேதி ஒன்பது நாள் தள்ளிப்போனது. ரத்தம் கொடுக்க ஆட்களைக் கூட்டி வரச் சொன்னார்கள். சென்னையில் யாரையும் தெரியாத குடும்பம் என்ன செய்யும்? நான் பழைய கல்லூரி வாட்ஸப் குழுவில் போட்டேன், மாலைக்குள் ஆறு பேர் வந்தார்கள். எங்களுக்கு அடுத்த கட்டிலில் இருந்தவருக்கும் அதிலிருந்தே இரண்டு பேரைக் கொடுத்தோம்.

அந்த வார்டில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி. நன்றாகப் பேசுவாள், படம் வரைவாள், உதடும் நகமும் மட்டும் நீலம். இதே மாதிரி ஓட்டைதான், கைக்குழந்தையாக இருந்தபோதே தெரியுமாம். வளர்ந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்திருக்கிறார்கள். இத்தனை வருடம் அதிக ரத்தத்தை வாங்கி நுரையீரல் குழாய்கள் இறுகிவிட்டன. இப்போது ரத்தம் எதிர்த்திசையில் பாய்கிறது. இனி ஓட்டையை மூடினால் ஆபத்து, அதனால் மூட மாட்டார்கள். மாத்திரை மட்டும். அவள் அம்மா என்னிடம் கேட்டார்: "கனடாவுல இதுக்கு எதுவும் இருக்கா?" இல்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை. டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள் என்று மழுப்பினேன்.

கேரளத்துக்காரர் ஒருவர் அங்கே நடக்கும் முறையைச் சொன்னார். 2017 முதல் ஹ்ருத்யம் என்ற திட்டம். குழந்தையின் பெயரை இணையத்தில் பதிந்துவிட்டால் அவசரத்தைப் பார்த்து வரிசைப்படுத்தி, எந்த மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று அவர்களே சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் கண்டுபிடிக்க ஆள் இருக்கிறது, ஆபரேஷன் செய்ய ஆள் இருக்கிறது, பணத்துக்குத் திட்டம் இருக்கிறது. அலமாரியில் சீட்டை வைத்த குடும்பத்துக்குப் போன் செய்து "இன்னும் ஏன் வரவில்லை?" என்று கேட்கும் அந்த ஒரு குரலைத்தான் நான் தேடினேன். எங்கள் விஷயத்தில் அந்தக் குரல் லீவில் வந்த பெரியம்மாவாக இருந்தது.

ஆபரேஷனுக்கு முந்திய நாள் தங்கையின் மாமியார் போனில், "பொம்பளப் பிள்ளைக்கு நெஞ்சுல தழும்பு விழுமே, நாளைக்கு கட்டிக் கொடுக்கணும்ல" என்றார். தங்கை ஒன்றும் சொல்லாமல் போனை வைத்தாள். அவளைக் கல்யாணம் செய்து கொடுத்த நாளிலிருந்து அவள் செய்த முதல் மரியாதைக் குறைவு அதுதான் என்று நினைக்கிறேன். எனக்கு நிறைவாக இருந்தது.

நான்கரை மணி நேரம். ஒட்டுப் போட்டு மூடினார்கள். மூன்றாம் நாள் குழாய்களையெல்லாம் எடுத்த பிறகு கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பால் குடித்துக்கொண்டிருந்தாள், நெற்றியில் வியர்வை இல்லை. அன்று இரவு எனக்கு விமானம்.

மூன்று மாதம் கழித்து, போன வாரம், தங்கை ஒரு படம் அனுப்பினாள். அங்கன்வாடி வளர்ச்சி அட்டை. ஆரஞ்சுப் பட்டையில் கிடந்த புள்ளிகள் மஞ்சளுக்குள் ஏறியிருக்கின்றன. 6.4 கிலோ. பச்சைக்கு இன்னும் அரை கிலோ வேண்டும். புள்ளி வைத்த செவிலியர், "வியாழக்கிழமை ரிவியூவுக்கு யார் கூடப் போற?" என்று கேட்டாராம். மேஸ்திரியிடம் இந்த முறை முன்கூட்டியே சொல்லிவிட்டார்களாம். இன்னும் பதில் வரவில்லையாம்.