2005 என்று எழுதியிருந்தது, எங்கே கிடந்தது என்று எழுதியிருக்கவில்லை

பிள்ளை பிறந்த வருடத்து வைன் போத்தல் தேடித் திரிகிற தகப்பன்மார் இதை ஒருக்கால் வாசித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். எனக்கு 660 யூரோ போனது.

நான் பரிசில் 24 வருடமாக ரெஸ்டோரன்ட் குசினியில் நிற்கிறவன். கோப்பை கழுவத் தொடங்கி இப்போது சமையல். இரவு கதிரைகளைக் கவிழ்த்து வைத்த பிறகு, போத்தலில் மிஞ்சியதை, வைன் தெரிந்தெடுத்துப் பரிமாறுகிற சொமெலியே எங்களுக்கும் ஊற்றித் தருவார். என் வைன் அறிவு முழுக்க அங்கே வந்ததுதான். அந்த அறிவில் கொஞ்சம் மிதப்பும் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

மகள் பிறந்தது 2005இல். பிரான்சின் பெயர்பெற்ற வைன் பகுதியான போர்தோவுக்கு அது அருமையான வருடம். அங்கே ஜிரோந்த் கழிமுகத்தின் இடக்கரையில், போயாக், சென் ஜூலியன் ஊர்ப் பக்கத்து நல்ல சிவப்பு வைனுக்கு 20 வருடமெல்லாம் ஒரு வயதே இல்லை. கபர்னே சோவிஞோன் திராட்சையின் தடித்த தோலில் இருந்து வரும் துவர்ப்பு இளசில் நாக்கைப் பிடித்து இழுக்கும். வருடங்கள் போகப் போக அது திரண்டு மண்டியாக அடியில் இறங்கிவிடும். மிஞ்சுவது புகையிலையும் மரப்பெட்டியும் காய்ந்த இலையும் கலந்த மாதிரி ஒரு மணம். அதை மகளின் 20ஆவது பிறந்தநாளில் அவளோடு இருந்து குடிக்க வேண்டும் என்று எனக்குப் பல வருட ஆசை. மனுசிக்கு வெள்ளைதான் பிடிக்கும் என்பதால் அதே வருடத்து மெர்சோவும், அதாவது பூர்கோஞ் பகுதி வெள்ளை வைனும், தேடினேன்.

பரிசுக்குள்ளேயே பழைய போத்தல் விற்கிற சின்னக் கடை ஒன்று. பெயர் போடவில்லை, வக்கீல் கடிதத்துக்குப் பதில் எழுத எனக்கு நேரமில்லை. போயாக் ஆறு, ஒன்று 80 யூரோ. மெர்சோ மூன்று, ஒன்று 60. அந்த மலிவு விலையைக் கேட்டபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். "எல்லாம் கீழே காவில் 13 பாகையில் படுத்திருந்த சரக்கு, முசியே" என்றார் முதலாளி. காவ் என்றால் நிலவறை. ருசி பார்க்க அதே போயாக்கில் ஒரு போத்தலையும் திறந்தார். உண்மையிலேயே நல்ல வைன். இரண்டாவது மிடறிலேயே பாங்க் கார்டை எடுத்துவிட்டேன். ஞாபகத்துக்கு இருக்கட்டும் என்று அந்தத் தக்கையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

இடையில் இன்னொன்றும் தள்ளப் பார்த்தார்: "கிராண்ட் குரு" என்று போட்ட, போர்தோவில் சென்தெமிலியோன் ஊர் வைன் ஒன்று. அதில் மட்டும் ஏமாறவில்லை. சென்தெமிலியோனில் "கிராண்ட் குரு" என்பது அந்த ஊர் வைனில் பெரும்பகுதிக்குக் கிடைக்கிற பெயர். "கிராண்ட் குரு கிளாசே" என்று இருந்தால்தான் தரப்பட்டியலில் இடம்பிடித்தது. இது தெரிந்த பெருமையில் மற்றதைப் பார்க்க மறந்துபோனேன்.

பிறந்தநாளுக்கு முதல்நாளே மண்டி இறங்கட்டும் என்று போத்தல்களை நிமிர்த்தி வைத்தேன். அடுத்த நாள் எல்லாரும் சுற்றி நிற்க, முதல் போத்தலைத் திறந்தேன். தக்கை சுலபமாக வந்தது. வரக்கூடாத அளவுக்குச் சுலபமாக. மணம் அவித்துக் கூழாக்கிய பிளம்ஸ் மாதிரி, வாயில் வைத்தால் ஒரு உயிரும் இல்லை. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது பரவாயில்லை என்று சொல்லலாம், அன்றைக்கு நான் அப்படித்தான் சொன்னேன். மகள் ஒரு வாய் குடித்துவிட்டு, "அப்பா, கோலா இருக்கா?" என்று கேட்டாள்.

மெர்சோவை ஊற்றினால் பிளேன்ரீ நிறம். அடிபட்டுக் கறுத்த அப்பிள் வாசனை.

இரவு தக்கைகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கடையில் திறந்தபோது எடுத்து வந்த தக்கையில் வைன் பட்ட அடிப்பகுதி மட்டும் கருஞ்சிவப்பு, மேலே சுத்தமாக இருந்தது. வீட்டில் திறந்தவற்றில் அடியிலிருந்து உச்சி வரை ஒரு பக்கமாகக் கறை ஓடியிருந்தது, கழுத்துத் தகட்டுக்குள் பிசுபிசுப்பு. எல்லாத் தக்கையிலும் அதே சத்தோ (வைன் தோட்டம்) பெயர், அதே 2005 முத்திரை. போலி இல்லை, அசல்தான். ஆனால் கடையில் திறந்ததும் வீட்டுக்கு வந்ததும் ஒரே இடத்தில் கிடந்த சரக்கு இல்லை.

பழைய வைன் மோசடி என்றால் எல்லாருக்கும் போலி வைன் விற்ற ரூடி குர்னியவான்தான் ஞாபகம் வரும். 2008இல் நியூயோர்க்கில் அவர் ஏலத்துக்குக் கொண்டுவந்த, பூர்கோஞ் பொன்சோ குடும்பத்தின் குளோ சென் தெனி வைன் போத்தல்களில் 1945 என்றெல்லாம் இருந்தது. பொன்சோ குடும்பம் அந்த வைனைச் செய்யத் தொடங்கியதோ 1982இல். போலி என்றால் இப்படி ஏதோ ஒன்றில் மாட்டிக்கொள்ளும். சூடுபட்ட அசல் வைனின் லேபிளில் எந்தப் பிழையும் இருக்காது.

சூடு பட்டதைச் சொன்னது அந்தக் கடைக்குச் சாமான் ஏற்றி இறக்குகிற எங்கட பெடியன் ஒருவன். பரிசில் எங்கட தமிழ்க் கடைகள் இருக்கிற லா சப்பலில் கண்டு பேச்சுக் கொடுத்தேன். "அண்ணை, உந்தப் பெட்டியள் மேல் அறையிலதான் வருசக்கணக்கா கிடந்தது. நான்தான் கீழ இறக்கினனான்" என்றான். பரிசில் மேல் அறை என்றால் தெரியும்தானே, சிங்க் தகட்டுக் கூரைக்கு நேர் கீழே. 2019 யூலை 25 அன்று பரிசில் வெளியிலேயே 42.6 பாகை. அறைக்குள் எவ்வளவு இருந்திருக்கும்? சூட்டில் வைன் விரிந்து தக்கையைத் தள்ளிக் கசியும், குளிரில் சுருங்கிக் காற்றை உள்ளே இழுக்கும். ஒரு கோடை போதும்.

கடைக்குப் போய்த் தக்கைகளை மேசையில் வைத்தேன். பார்த்தார். "பழைய வைன் என்றால் அதிர்ஷ்டம்தான், முசியே" என்றார். இணையத்தில் வாங்கியிருந்தால் 14 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம், கடையில் நேரே வாங்கினால் அந்த உரிமை கிடையாது. மறைந்த குறை என்று வழக்குப் போடலாம்தான். ஆனால் குறை விற்கும்போதே இருந்தது என்று நான்தான் நிரூபிக்க வேண்டும். கடைசியில் 100 யூரோவுக்குக் கடைச் சீட்டு தருகிறேன் என்றார். அந்தக் கடையில் இனி எதை வாங்க? வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

வெள்ளைக்கு மட்டும் அவரை முழுதாகத் திட்ட மாட்டேன். 1990களின் நடுப்பகுதி தொடங்கி பூர்கோஞ் வெள்ளை வைன்களுக்கு அகாலத்தில் கிழடு தட்டுகிற வியாதி இருக்கிறது. ஒரே பெட்டியில் ஒன்று பொன் நிறத்தில் நன்றாக இருக்கும், பக்கத்தில் இருப்பது செத்திருக்கும். ஆனால் மூன்று போத்தலையும் போன் வெளிச்சத்தில் பிடித்து நிறத்தை ஒப்பிட்டிருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். வயதான வெள்ளைதான் வேண்டும் என்றால் நான் இப்போது லுவார் பக்கத்து வூவ்ரே சொல்வேன், இனிப்புப் பிடிக்குமென்றால் சோத்தேர்ன். சிவப்பில் வைனின் மட்டத்தைப் பாருங்கள். 20 வருடத்துப் போர்தோவில் அது கழுத்தில், மிஞ்சினால் கழுத்தின் அடியில் நிற்க வேண்டும். தோளுக்கு இறங்கியிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். தக்கை மேலே தள்ளியிருக்கிறதா, தகட்டோரம் பிசுபிசுக்கிறதா என்று விரலால் தடவுங்கள். ருசி பார்க்கத் தந்தால், நீங்கள் வாங்கப்போகிற பெட்டியிலிருந்தே ஒன்றைத் திறக்கச் சொல்லிக் காசு கொடுத்துக் குடியுங்கள். காவ் என்று சொன்னால் இறங்கிப் பார்க்கலாமா என்று கேளுங்கள்.

மகன் 2016. அதுவும் போர்தோவுக்கு நல்ல வருடம். ஆறு போத்தல் வாங்கி எங்கள் கட்டிடத்துக் காவில், பழைய சைக்கிளுக்குப் பின்னால் படுக்க வைத்திருக்கிறேன். பக்கத்தில் ஒரு வெப்பமானி. போன ஓகஸ்ட் நடுவில் இறங்கிப் பார்த்தேன், 16 காட்டியது.